சாயம் இறங்கும் பத்தியம்

கலாமணிக்கு நீலமாக வேர்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நொச்சித்தழையும் ஆமணக்கிலையும் கொதிக்கிற அண்டாவுக்கு மேலே கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதில் மகளைப் படுக்க வைத்து, ஆவி வெளியே போகாதபடி கழுத்து வரைக்கும் வெள்ளை விரிப்பைச் சுற்றியிருந்தாள் மயிலாத்தாள். வேர்த்து முடிந்ததும் விரிப்பை உருவினால், தோளும் முதுகும் தொடையும் அப்படியே அச்சாக அதில் நீலத்தில் இறங்கியிருந்தன. வேறு ஊராக இருந்தால் பூசாரியைக் கூப்பிட ஆள் ஓடியிருக்கும். மயிலாத்தாள் தும்பைப்பாளையத்துக்காரி, சாயப்பட்டறை வந்த நாளிலிருந்து அதில் துணி அலசியவள். விரிப்பை வெயிலில் தூக்கிப் பிடித்தாள், ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள், "நேவி ப்ளூ. போன தீவாளிக்கு முந்தி ஓட்டுனது" என்றாள். அதற்குப் பிறகுதான் அது மகளுடைய உடம்பிலிருந்து இறங்கினது என்பது அவளுக்கு உறைத்தது.

தும்பைப்பாளையத்தில் ஒரே ஒரு பெரிய பட்டறை இருந்தது. அதன் முதலாளி ராக்கியண்ணன் மதில்சுவரில் ஆள் உயர எழுத்தில் 'எங்கள் சாயம் போகாது' என்று எழுதி வைத்திருந்தான். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் வேலை செய்தார்கள், அந்தச் சுவரை ஒட்டி ஓடுகிற ஆற்றுத் தண்ணீர்தான் கிணறுகளில் ஊறியது, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஆறு ஒருநாள் பச்சையாகவும் மறுநாள் ரோஜா நிறமாகவும் ஓடும். கேட்டால் ராக்கியண்ணன், என் பட்டறையிலிருந்து ஒரு சொட்டு ஆற்றுக்குப் போனதில்லை, மேலே யாரோ விடுகிறார்கள் என்பான். மேலே மலையும் மாடும் தவிர யாருமில்லை. மாடு மேய்க்கிறவன் எதற்குச் சாயம் காய்ச்சப்போகிறான் என்று கேட்க ஆளில்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன.

கலாமணியை ஆற்றோடு இறங்கிப் போனால் வருகிற அடுத்த ஊரில், கரட்டூரில், லோகநாதன் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் கர்ப்பம் நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. இரண்டாவது முறை மாமியார் அருக்காணி, மருமகளுடைய கறை படிந்த விரிப்பை அலசி, வீட்டுக்குப் பின்னால் கொடி இருக்கும்போதே, தெருப் பார்த்த வாசலில் கொண்டுவந்து காயப்போட்டாள். போகிற வருகிற சனமெல்லாம் நின்று பார்த்து, உச்சுக்கொட்டி, குறை யாரிடம் என்று தெரிந்துகொண்டு போனது. மறுநாளே கலாமணி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆடி கழிந்ததும் பையனுக்கு வேறு இடம் பார்க்கப்போவதாக அருக்காணி சொல்லிவிட்டிருந்தாள்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து டவுனில் ஆயுர்வேத வைத்தியம் பார்க்கிற மாலினி டாக்டரிடம் மயிலாத்தாள் மகளைக் கூட்டிப்போனது அதற்குப் பிறகுதான். மாலினி டாக்டர் நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், விதை போடுவதற்கு முன்னால் நிலத்தைக் கழுவணும் என்றாள். முதலில் மருந்து காய்ச்சிய நெய், அப்புறம் எண்ணெயும் ஆவியும், அப்புறம் வயிறு இறங்க லேகியம், இத்தனைக்கும் நடுவில் கசாயம். ஆனால் மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதியைச் சோறு செய்யணும் என்று விரலை ஆட்டிச் சொன்னாள். முதலில் கஞ்சித் தெளிவு, அது செரித்தபின் குழைந்த கஞ்சி, அதன்பின் பாசிப்பயற்றுச் சாறு, பசி எடுத்தால் மட்டும், அதுவும் சூடாக. சீரகமும் இஞ்சியும் ஒரு துளி நெய்யும் சேரலாம். புளி, மிளகாய், தயிர், கத்திரிக்காய், கருவாடு கூடாது. உப்பு கூடவே கூடாது.

உப்பில்லாத கஞ்சியை மகள் முகம் சுளித்துக் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் ரசஞ்சோறு தின்ன மயிலாத்தாளுக்கு மனசு வரவில்லை. உப்புச் சாடியின் வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றினாள். மகள் குடித்ததையே தானும் குடித்தாள், மகள் படுத்த கட்டிலிலேயே தானும் படுத்தாள். அவளுக்கும் நேவி ப்ளூவே வந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வேலைக்காரச் சனம் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். ஏன் வந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எந்த ஷேடு, எந்த வருஷம், எத்தனை தொட்டி என்பதில்தான் சண்டை நடந்தது. அடுத்த ஆவிக்கு மாம்பழ மஞ்சள் வந்தபோது வாசலில் கூடிய கூட்டம், அது தேர்தல் வந்த வருஷத்துச் சரக்கு என்றும், இல்லை அதற்கும் முந்தி மழை பெய்த வருஷத்துச் சரக்கு என்றும் இரண்டாகப் பிரிந்து நின்றது. புதுச் சாயம் முதலில், பழசு பின்னால் என்று வரிசை தப்பாமல் உடம்பு அதைக் கக்கிக்கொண்டிருந்தது. வாரம் திரும்புவதற்குள் வீட்டுக்கு வீடு அண்டா ஏறியது, மாரியம்மன் கோயில் முன்னால் கூழ் காய்ச்சுகிற பெரிய கொப்பரையில் உப்பில்லாத பயற்றங்கஞ்சி கொதித்தது, மளிகைக் கடையில் புளி வாங்க ஆளில்லாமல் வண்டு பிடித்தது. கொடிகளில் தொங்கின விரிப்புகளைப் பார்த்து வெளியூர் பஸ்காரர்கள் திருவிழா என்று நினைத்து வண்டியை மெதுவாக ஓட்டினார்கள். சலூன்கடைக்காரன் ஆளுக்கொரு துண்டு கொண்டுவரச் சொன்னான். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு கூட, பெண்ணுக்கு எந்த வருஷம் வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று விசாரித்தார்கள். பெண் வீட்டார் விடுவார்களா, மாப்பிள்ளையின் தலையணை உறையைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

பட்டறையில் மூட்டை தூக்குகிறவனும் விசேஷங்களுக்கு ரேடியோ செட்டு கட்டுகிறவனுமான நாட்ராயன் மட்டும் பத்தியத்தில் கள்ளத்தனம் பண்ணினான். ஆவி பிடித்து, கிளிப்பச்சை வேர்வை காதுவரை ஏறியிருந்த நேரத்தில், பெண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான், இரண்டு காதும் பச்சையாகவே நின்றுவிட்டன. சோப்புப் போட்டான், மண்ணெண்ணெய் போட்டான், செங்கல்லால் உரசினான், காது புண்ணானதே தவிரப் பச்சை அசையவில்லை. ஊரே சிரித்தது. சாயத்தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலில் ஏறி நிற்கும் என்பது தும்பைப்பாளையத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், இத்தனை வருஷம் உப்பு மூட்டை தூக்கினவன் அதை மறந்துபோய் ஊறுகாய் தின்றானே என்பதுதான் சிரிப்பு. மாலினி டாக்டர் சிரிக்கவில்லை. வெளியே நின்றது உள்ளேயும் அங்கங்கே நின்றிருக்கும், இனி அதை எந்தக் கசாயமும் இறக்காது என்று அவன் பெண்டாட்டியிடம் தனியாகச் சொன்னாள், அவள் அழுதுகொண்டே வந்து மயிலாத்தாள் வீட்டில் சொன்னாள்.

கலாமணிக்குக் கடைசியாக வந்தது சிவப்பு. வெளிறின, பழைய மிளகாய்ப்பழச் சிவப்பு. மயிலாத்தாள் அந்த விரிப்பை மடியில் போட்டு மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தாள். பட்டறை வந்த வருஷம் முதன்முதலாக ஓடின சரக்கு அது. அந்த வருஷம் கலாமணி பிறக்கவில்லை, தன் வயிற்றில் இருந்தாள். தலைப்பிள்ளை என்று ஆசை ஆசையாய் வேளைக்கொரு சொம்பு தண்ணீர் குடித்தது மயிலாத்தாளுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் தன்னிடம் இருக்கிறது என்று அதுவரை அவளுக்கே தெரியாது.

அடுத்த ஆவியில் கலாமணிக்கு வெறும் வேர்வை வந்தது. தண்ணீர் மாதிரி தெளிந்த வேர்வை. ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆற்றையும் ஊரையும் பார்க்க கோர்ட்டு உத்தரவின்பேரில் அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. ராக்கியண்ணன் பயந்த மாதிரியே தெரியவில்லை. மராமத்து என்று பட்டறையைச் சாத்தினான், ஆறு தெளிந்து கூழாங்கல் தெரிய ஓடியது. பிறகு ஊருக்குப் பயறு அனுப்பினான், டின் டின்னாக நெய் அனுப்பினான், பட்டறை பாய்லரிலிருந்து கோயில் வாசலுக்குக் குழாய் இழுத்து, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஆவி பிடிக்க ஏற்பாடு பண்ணிக்கொடுத்தான். முதலாளிக்கு மனசு இளகிவிட்டது என்று சனம் உருகியது. மயிலாத்தாள் உருகவில்லை. தொட்டியடியில் அவனோடு பழகினவள், அவன் எதையும் சும்மா தரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். நெய் டின்னை இறக்க அவனே வந்தபோது நேராகக் கேட்டுவிட்டாள்.

அவன் ஒளிக்கவில்லை. அவனும் ஒருகாலத்தில் தொட்டியில் இறங்கித் துணி மிதித்தவன்தான். "நல்லா வேர்த்து நல்லா இருங்க தாயி. அதிகாரிக வாரப்ப ஊரு வெள்ளையா இருக்கோணும், அவ்வளவுதான்" என்றான். கொடியில் தொங்குகிற விரிப்புகளை அதிகாரிகளிடம் காட்டுவேன் என்றாள் அவள். "சாயப்பட்டறை ஊர்ல துணியில சாயத்தக் காட்டுனா யாரு நம்புவா? உடம்புலதான் காட்டோணும். உடம்புலதான் இன்னும் நாலு நாள்ல ஒண்ணும் இருக்காதே."

நாட்ராயன் காது இருக்கிறதே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். குடிகாரப் பயல் தொட்டியில் தலையை விட்டான் என்று எழுதிவிட்டுப் போவார்கள் என்றான் அவன்.

அவன் போனபிறகு மயிலாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். மகள் தெளிந்துவிட்டாள், அதற்கு அவள் ஆயிரம் சாமிக்குக் கும்பிடு போடத் தயார். ஆனால் தெளிந்த உடம்போடு கலாமணி கரட்டூருக்குத் திரும்பினால், தண்ணீரில் குறையில்லை என்று கோர்ட்டு சொல்லும், அப்போது குறை மகளிடம்தான் என்று அருக்காணி சொல்வாள். ஒரு பொய்யைத் தாங்கிக்கொண்டு இன்னொரு பொய் நிற்கிறது. முதல் பொய்யை அசைக்காமல் இரண்டாவதை அசைக்க முடியாது. அவளுடைய உடம்பிலோ இன்னும் அடிச் சாயம் மிச்சமிருந்தது. மகளைப்போலக் குடித்தது போதாதென்று தொட்டியிலேயே ஊறினவள் அல்லவா.

பரணில் ஏறி உப்புச் சாடியை இறக்கினாள். பார்த்த மாத்திரத்தில் கலாமணிக்குப் புரிந்துபோயிற்று.

"நானும் திங்கறேன்மா" என்றாள்.

"நீ தின்னா இத்தன நாள் கஞ்சி எதுக்குக் குடிச்சே? உனக்கு இறங்கிருச்சு கண்ணு. நீ வெள்ளையாவே இரு."

"உனக்கு உள்ள நின்னுரும்னு டாக்டரு சொன்னாங்கல்ல?"

"இத்தன வருசம் எனக்குத் தெரியாம நின்னுச்சு. இனித் தெரிஞ்சு நிக்கட்டும்."

விஷயம் கேட்டு மாலினி டாக்டர் வந்து திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் கட்டிலில் மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுடைய நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாடி நன்றாக இருக்கிறது என்று மட்டும் போகும்போது சொன்னாள்.

அதிகாரிகள் வந்த காலையில் ஊர் சலவை செய்த வேட்டி மாதிரி இருந்தது. விரிப்புகளை எல்லாம் ராக்கியண்ணன் ஆள் வைத்து அவிழ்த்து எடுத்திருந்தான். கோயில் வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, அதிகாரிகளுக்கு இளநீர் கொடுத்து, தன் செலவில் ஊர்ச்சனம் மூலிகை ஆவி பிடிக்கிற அழகைப் பார்க்கச் சொன்னான். ஆவி புகைந்துகொண்டிருந்தது. வரிசையாகக் கட்டில்கள், கட்டில்களில் பெண்கள், பெரும்பாலும் தொட்டியடியில் வேலை பார்த்தவர்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தெளிந்துவிட்டது, மீதிப்பேருக்கு அன்று மதியத்துக்குள் தெளிந்துவிடும், அதுவரை விரிப்பில் இறங்குவதை மூலிகைச் சாறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

மயிலாத்தாள் முன்வரிசையில் படுத்திருந்தாள். சிவப்பு பாதத்தில் ஆரம்பித்தது. அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, பிள்ளை கிடந்த வயிற்றுக்கு வந்தது, மார்புக்கு, கழுத்துக்கு, கன்னத்துக்கு வந்து நெற்றியில் ஏறி வகிடு வரை போனது. அப்போது அவள் எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து சாடியை எடுத்து, கட்டியிருந்த துணியைப் பிரித்து, கைகொள்ளும் அளவு கல் உப்பை அள்ளிக் கஞ்சிக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

சாடியை முதலில் பிடுங்கியது பக்கத்துக் கட்டில் பாவாயி. அவளுக்கு அன்று ஊதா வந்திருந்தது. அதற்கடுத்தவளுக்கு ஆரஞ்சு. பிறகு சாடி கட்டில் கட்டிலாகப் போனது, தெளிந்தவர்கள் தொடாமல் அடுத்த கைக்குத் தள்ளினார்கள், நிறம் மிச்சமிருந்தவர்கள் யாரும் சொல்லாமலே தின்றார்கள். பிள்ளை பெற்று முடித்தவர்கள் மட்டும் தின்னுங்கள் என்று கலாமணி வரிசையோடு நடந்து சின்னப் பெண்களின் கையைத் தட்டிவிட்டாள். ராக்கியண்ணன் எழுந்து பாய்லரை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். நாட்ராயன் பச்சைக் காதோடு மைக்கைப் பிடித்து, அந்தக் கத்தல் யாருக்கும் கேட்காதபடி அம்மன் பாட்டை உச்ச சத்தத்தில் வைத்துவிட்டான்.

அதிகாரிகளில் மூத்தவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மயிலாத்தாள் கையை நீட்டினாள். அவர் தன் வெள்ளைக் கைக்குட்டையை இளநீரில் நனைத்து, பட்டறையில் சரக்கு சோதிக்கிற மாதிரியே, அவளுடைய முன்கையில் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. திருப்பிப் போட்டுத் தேய்த்தார். அப்போதும் வெள்ளையாகவே இருந்தது.

"இன்னும் நல்லாத் தேச்சுப் பாருங்க சார்" என்றாள் மயிலாத்தாள். "எங்க மொதலாளி சாயமுங்க. போகாது."

அதிகாரி தலையைத் தூக்கி மதில்சுவர் எழுத்தைப் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். அன்று சாயங்காலமே பட்டறைக் கதவில் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். அந்த அரக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும், எந்தக் கோர்ட்டில் உடையும் என்பதெல்லாம் வக்கீல்கள் சொல்லவேண்டிய கதை.

மயிலாத்தாளுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மறுநாள் தலைமுதல் கால்வரை மிளகாய்ப்பழச் சிவப்போடு, கொசுவம் வைத்த வெள்ளைச் சேலை கட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியில் பயறும் சீரகமும் கசாயப் பொடியும் எடுத்துக்கொண்டு கரட்டூர் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டாள்.

அருக்காணி வாசலில் நின்றபடியே சம்பந்தியின் நிறத்தைப் பார்த்து ஒரு படி பின்னால் போனாள். மயிலாத்தாள் சண்டை பிடிக்கவில்லை. இதே ஆற்றுத் தண்ணீரைத்தானே இங்கேயும் குடிக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். "என்ற புள்ள உடம்பக் கழுவிக் கொண்டாந்துட்டனுங்க. இனி உங்க பையன் உடம்பயும் ஒருக்காக் கழுவிப் பாத்துட்டு, அப்பறம் வேற எடம் பாக்கறதப் பத்திப் பேசலாம்" என்றாள். லோகநாதன் அம்மா முகத்தைப் பார்த்தான், மனைவி முகத்தைப் பார்த்தான், கஞ்சிக்குச் சரி என்றான். சமையல்கட்டில் உப்புச் சாடி எங்கே என்று தேடி எடுத்து, அதன் வாயைத் துணியால் கட்டியது கலாமணி.

நெய்யும் கசாயமும் கஞ்சித் தெளிவுமாகப் போன நாட்களில் அருக்காணி அடுப்படிப் பக்கமே வரவில்லை. என் பையனுக்கு ஒன்றும் வராது என்று மட்டும் அடிக்கடி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். ஆவி பிடித்த காலையில் தானே போய் அவனைச் சுற்றியிருந்த விரிப்பை உருவினாள். தோளும் முதுகும் தொடையும் அச்சுப் பிசகாமல் நேவி ப்ளூவில் இறங்கியிருந்தன. அதை அப்படியே சுருட்டி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தெருவில் ஆள் வருகிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டு, பின்பக்கத்துப் பொடக்காலிக் கொடிக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

நடைவாசலில் கலாமணி நின்றிருந்தாள். மாமியார் கையிலிருந்து விரிப்பை வாங்கவில்லை, வழியையும் விடவில்லை.

"பொடக்காலில வேண்டாங்கத்தை" என்றாள். "வாசல்லயே காயப்போடுங்க."